ராஜாவின் இடது கண்

மலை ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் பிரிந்து போகும் ரோட்டின் கடைசியில் அந்த வீடு இருந்தது. தோட்டத்துக் குமாஸ்தா குடியிருக்கும் பழைய கிராணி வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு வருடமாக ஆள் இல்லை. என் அப்பா அல்போன்ஸ் அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்தவர் என்பதால், கேட்டதும் மானேஜர் சாவியைக் கொடுத்துவிட்டார். அப்பாவின் நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவரைக் கொண்டுவர இரண்டு நாள் முன்னதாகவே நான் போய் வீட்டைக் கழுவி, கட்டில் போட்டு, என் கடையையும் விரித்தேன்.

கடை என்றால் உள்ளறையில் ஒரு மேசை; பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், முன் அறையில், அப்பாவின் கட்டில். கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் பிழைப்பு. பூதம், சூனியக்காரி, பறக்கும் நாகம் என்று, மேசையில் வைத்து ஆடும் மாயாஜாலப் போர் விளையாட்டுக்கான பொம்மைகள். கோலாலம்பூரில் இதற்காகவே உயிரை விடுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். பொம்மையை ஒரு காலி மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டி, டப்பாவைப் பிடித்துக்கொண்டு தீட்டுவேன். கண் வைக்கும்போது மட்டும் மூச்சை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கை ஆடி மாறுகண் ஆகிவிடும். வைத்து முடித்ததும் உதட்டைக் குவித்து ‘உஸ்ஸ்’ என்று விடுவேன். அக்காவுக்கு கெட்டில் கொதிக்குது என்று தம்பி எட்ரியன் கேலி செய்வான்.

முதல் நாள் பகல் இரண்டு மணிக்கு, ஒரு சூனியக்காரியின் கண்ணுக்காக மூச்சைப் பிடித்தேன்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

மெதுவாக, ஒரே சீராக, பலகைக்கு அந்தப் பக்கமிருந்து. எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பாவுக்காக விரித்து வைத்த காலிக் கட்டில், ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி, ஈரப் பலகையின் வாடை. தகரத்துக்கு அடியில் காற்று புகுந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினேன். பொம்மைகள் வரிசையில் காத்திருந்தன, எனக்குப் பயப்பட நேரமில்லை.

அப்பா வந்தார். அம்மா போனது ஆஸ்பத்திரியில், பார்வை நேரம் முடிந்து எங்களையெல்லாம் வெளியே அனுப்பிய பிறகு. அது அவரை விட்டுப் போகவே இல்லை. வந்த அன்றே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சாவு பயமில்லம்மா. தனியாப் போறதுதான் பயமா இருக்கு. கைய மட்டும் புடிச்சுக்க, போதும்.”

“இங்கதான்ப்பா இருக்கேன். எங்கயும் போவல.”

அவர் மூச்சுக்கு ஒரு நடை இருந்தது. இரண்டு சின்ன இழுப்பு, பிறகு தொண்டையில் ஒரு விக்கல். வேலை செய்யும்போது நான் மூச்சைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது பலகை வழியே கேட்கும். இரண்டு இழுப்பு, ஒரு விக்கல். அப்பா இருக்கிறார். எனக்கு அது ஜெபத்தைவிட ஆறுதலாக இருந்தது. முதல் நாள் கேட்ட மூச்சைச் சுத்தமாக மறந்தே போனேன்.

அப்பா வந்த ஒன்பதாம் நாள் கடைசிப் பொம்மை, முடிசூடிய கிழட்டு ராஜா. நாலு மணிக்குள் கூரியரில் போட வேண்டும். காலை பத்து மணிக்கு அப்பாவுக்கு இரண்டு கரண்டி கஞ்சி கொடுத்தேன், தூங்கிவிட்டார். மதியச் சாப்பாடு நின்று இரண்டு நாளாகியிருந்தது. அதனால் எழுப்பவில்லை. மூச்சுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறதே என்ற தைரியம். தாடி, கிரீடத்தின் கற்கள், வலது கண். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

மூன்று மணிக்கு மூடுபனி ஜன்னலை அடைத்தது. இடது கண் மட்டும் பாக்கி. அதற்கு முன் மருந்து கொடுத்துவிடலாம் என்று எழுந்து போனேன்.

அப்பாவின் கை போர்வைக்கு வெளியே, என் பக்கமாக நீட்டிக் கிடந்தது.

தொட்டேன். சில்லிட்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

அப்போதும் கேட்டது.

இரண்டு இழுப்பு. ஒரு விக்கல்.

கட்டிலிலிருந்து இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம், நான் அப்போதுதான் எழுந்து வந்த மேசையிலிருந்து.

நான் மூச்சைப் பிடித்தேன்.

அதுவும் பிடித்தது.

எப்படி வெளியே ஓடினேன் என்று நினைவில்லை. தோட்டத்துக் கிளினிக் நர்ஸ் விக்னேஸ்வரிதான் வந்து பார்த்தாள். பத்து, பதினோரு மணிக்கே போயிருப்பார் அக்கா, தூக்கத்திலேயே, என்று என் முதுகைத் தடவினாள். மூன்று மணி வரை நான் அவர் மூச்சைக் கேட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒன்பது நாளும் என்னைப் போலவே எதுவோ அந்தப் பலகையில் காதை வைத்து, அவர் மூச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது. அதை நம்பி, பத்தடி தள்ளி, நான் ஒரு பொம்மைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பா தனியாகத்தான் போனார். எட்ரியனிடம்கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டைக் காலி செய்ய நானும் எட்ரியனும் போனோம். ராஜா ஒற்றைக் கண்ணோடு அப்பாவின் மாத்திரை டப்பா மேல் நின்றிருந்தார். இதையாவது முடித்து இங்கிருந்து அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தூரிகையை எடுத்தேன். மூச்சைப் பிடித்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

இடது கண் ஒரே தொடுதலில் விழுந்தது. ‘உஸ்ஸ்’ என்று விட்டேன், அழுகையும் கூடவே வந்தது. முன் அறையில் எட்ரியன் அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட மனமில்லாமல், ராஜாவைப் பெட்டியில் வைத்துப் பின்கதவு வழியாக இறங்கினேன். ரோட்டில் திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரியை நிறுத்தி பிரிஞ்சாங் போய், கூரியரில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முன்வாசல் வழியாகத் திரும்பினேன்.

எட்ரியன் ஒரு சட்டையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“எப்பக்கா வெளிய போன?”

அப்போதே, மூன்று மணிக்கே, என்றேன்.

அவன் உள்ளறைக் கதவைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

“நீ வேலையா இருக்கேன்னு நான் கூப்புடல லா. இவ்ளோ நேரமும் உள்ள உன் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மூச்சே இருக்காது. அப்பறம்…”

உள்ளே யாரோ, வெகுநேரம் பிடித்திருந்த மூச்சை, உதட்டைக் குவித்து ‘உஸ்ஸ்’ என்று மெதுவாக விட்டார்கள்.