வடித்த சோறும் வம்புக்காரக் கடைக்காரனும்

"குக்கர் வேண்டாம்னு மூணு தடவ சொல்லிட்டேன். காது கேக்காதா உங்களுக்கு?"

"நல்லாவே கேக்குதுங்க. தெரு முழுக்கக் கேக்குது. அதுக்காகத் தப்பான சாமானக் கட்டிக் குடுக்க முடியுமா?"

கொடைக்கானல் கடைவீதியில், ஒலியுல்லா பாத்திரக் கடை வாசலில் இப்படி ஒரு சத்தம் எழுந்தால் எதிர் டீக்கடையில் கிளாஸ்கள் பாதியில் நிற்காதா? நின்றன. பக்கத்து வளையல் கடை ரஹ்மத்துன்னிசா, வந்த வாடிக்கையை மறந்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

சத்தம் போட்டவள் ஸைமா. பழனிக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பதில் சொன்னவன் ஒலியுல்லாவின் மகன் ஜாசிம். வாய் கொஞ்சம் நீளம், மனசு பரவாயில்லை என்பது வீதியின் அபிப்பிராயம்.

அவள் நீட்டிய சீட்டில் பதினேழு சாமான். ஜாசிம் பேனாவை எடுத்துச் சரசரவென்று அடித்துவிட்டான்.

"ஒத்த ஆளுக்கு மூணு வாணலி எதுக்கு? ஒரு இரும்புச் சட்டி, ஒரு தோசைக்கல், நல்ல கத்தி ஒண்ணு, ரெண்டு கரண்டி... போதும். ஆனா குக்கர் இல்லாம இந்த மலையில..."

"எங்க வீட்ல சோறு வடிச்சுத்தான் பழக்கம். குக்கர் சோறு களின்னு எங்கத்தா தொடவே மாட்டாரு!"

அங்கேதான் இருந்தது விஷயம். மெஸ் சாப்பாடு ஒரே மாதத்தில் இரண்டு முறை ஸைமாவின் வயிற்றைக் கெடுத்துவிட்டது. அவளைப் பெற்ற அத்தா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழம மேல வர்றேன் தாயி. நீ ஆக்குன சோத்தத் தின்னு பாப்பேன். ஒழுங்கா இருந்தா இரு. இல்லன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு என்னோட எறங்கிரு."

இறங்குவதா? நாலு வருஷம் கண்விழித்துப் படித்தது இறங்குவதற்கா? மாட்டேன்... என்று அன்றே பல்லைக் கடித்துவிட்டாள்.

ஆகவே குக்கரை விட்டுவிட்டு, ஒரு பெரிய குண்டானைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். முனையில் திரும்பி ஒரு பார்வை... கோபமாகத்தான். மை தீட்டிய கண்ணில் வரும் கோபத்தை எவன் கோபமாக எடுத்துக்கொள்வான்?

புதன்கிழமை சோறு வேகவில்லை. வெளியே குழைந்தது, உள்ளே பல்லில் தட்டியது. அரிசிதான் மோசம் என்று வேறு கடையில் வாங்கினாள். வியாழனும் அதே கதை. வெள்ளிக்கு இன்னொரு கடை அரிசி... அதுவும் அப்படியே. 'அவன்கிட்டப் போய் நிக்கிறதா? செத்தாலும் மாட்டேன்!'

சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்றாள்.

மேகம் இறங்கி, கடைவீதியே கண்ணுக்குத் தெரியாத மழை. அவள் இமையில் ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஜாசிம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு, அத்தாவின் தீர்ப்பை அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே, டப்பாவில் கொண்டுவந்த சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்த நிமிடமே திரும்பியிருப்பாள்.

"அரிசி மேல குத்தமில்லைங்க. இந்த ஒசரத்துல தண்ணி வெரசாக் கொதிச்சிரும். ஆனா கீழ மாதிரி சூடு ஏறாது. அதான் உள்ள வேகல."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கலாம்ல?"

"எங்க சொல்ல விட்டீங்க..."

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"குக்கர்ல பாதிக்கு மேல போகாம, தண்ணி தாராளமா வைங்க. ஒரு விசில் விட்டு, ஆவி அடங்குனதும் தொறந்து வடிச்சிருங்க. உங்கத்தாவுக்கு வடிச்ச சோறு... உங்களுக்கு வேலை."

ஞாயிற்றுக்கிழமை. அத்தா ஒரு கவளம் வாயில் வைத்தார். "இதான் தாயி சோறு! வடிச்ச சோத்துக்கு ஈடு உண்டா?"

சனிக்கிழமை வாங்கிய குக்கர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இங்கேயே இருக்கப்போகிறவள் எத்தனை நாள் ஒளித்து வைப்பாள்? இழுத்து வந்து அவர் எதிரில் வைத்தாள்.

"இதுல வெச்சு வடிச்சதுத்தா. குண்டான்ல மூணு நாள் தோத்துட்டேன்."

அத்தாவின் கை நின்றது.

"இன்னும் ரெண்டு கரண்டி போடு," என்றார். அப்புறம் மெதுவாக, "இத யாரு சொல்லிக் குடுத்தா?"

நர்ஸம்மாவின் காதுமடல் சிவந்தது. அத்தா குக்கரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.

திங்கட்கிழமை கடையில் ஜாசிம்தான் ஆரம்பித்தான். "சோறு வெந்துச்சாங்க?"

"வெந்துச்சு. இருந்துக்கன்னு சொல்லிட்டாரு."

அவ்வளவு வாய் பேசுகிறவன் ஒரு கரண்டியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். "நீங்க எறங்கியிருந்தா... குக்கர் விக்கிற சாக்குல நானும் பழனி பஸ் ஏறியிருப்பேன். அன்னைக்கு நீங்க திரும்பிப் பாத்ததுலேருந்து எனக்கு வேற சோலியே ஓடலங்க..."

ஸைமா கண்ணை நிமிர்த்தினாள். இந்தத் தடவை அதில் கோபம் இல்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம அத்தா திரும்ப வர்றாரு. நீங்களும் சாப்பிட வாங்க. கடைக்காரரா இல்ல... எனக்குப் புடிச்சவரா."

பக்கத்துக் கடையில் ஒரு டஜன் வளையல் கீழே விழுந்து நொறுங்கியது.

ரஜப் மாதத்தில் பழனியில் நிக்காஹ். ஜாசிமுக்குத் தன் மகளைக் கொடுக்கலாம் என்றிருந்த ரஹ்மத்துன்னிசா, பந்தியில் இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மகளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தாள். ஸைமாவின் அத்தா? பெண்ணைக் கீழே கூட்டிப்போக வந்த மனிதர், பழனியில் வைத்திருந்த கடையைத் தன் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு, மூட்டை முடிச்சோடு மேலேயே குடிவந்துவிட்டார்.