இரண்டாவது டூத் பிரஷ்

வாசல் மணி இரண்டாம் முறை அடித்தபோது லோரெய்ன் வாஷ்பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பீங்கானில் நரைத்த தாடிமயிர்த் துணுக்குகள். நேற்றும் தேய்த்தாள். முந்தாநாளும் தேய்த்தாள். காலையில் திரும்ப வந்துவிடுகின்றன.

டம்ளரில் இரண்டு டூத் பிரஷ்கள். ஒன்று அவளுடையது.

இன்னொன்று ஈரமாக இருந்தது.

ஜன்னலைத் திறந்து அதைப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் வீசிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள்.

வாசலில் மிஸஸ் பர்டன். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுகிறவர்.

"மன்னிக்கணும், மாடியில இருந்தேன்."

"பரவாயில்லம்மா. இந்த ஹல் ஊர்ல ஒவ்வொரு வாசலா நின்னு நின்னு என் முட்டிதான் தேஞ்சுபோச்சு."

மீன் தொழிற்சாலையில் முதுகு போய், வேலையும் போய், உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவள் லோரெய்ன். போன குளிர்காலத்தில் அப்பா வில்ஃப் இறந்ததும் இந்த வீடு அவளுக்கும் அண்ணன் ட்ரெவருக்கும் சரிபாதியாக வந்தது. அவள் இதிலேயே குடியிருந்தால் வம்பில்லை. இல்லையென்றால் கணக்கில் இது சொத்து, உதவித்தொகை நின்றுவிடும். அதனால்தான் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு மூட்டை முடிச்சோடு வந்தாள். இன்னொரு விதியும் இருந்தது. தனியாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ஆளைக் கூட வைத்துக்கொண்டால், அன்றோடு எல்லாம் தீர்ந்தது.

அப்படி ஒரு ஆள் இருப்பதாக யாரோ போனில் போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

சமையலறை மேஜையில் இரண்டு கோப்பை டீ. லோரெய்ன் போட்டது ஒன்றுதான்.

"எனக்கா?" மிஸஸ் பர்டன் ஆவி பறந்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. "என்னம்மா, சர்க்கரை மூட்டையையே கவுத்துட்டியா?"

அப்பாவுக்கு நாலு கரண்டி போட வேண்டும்.

மாடியில் யாரோ இருமினார்கள்.

மிஸஸ் பர்டனின் பேனா நின்றது. "தனியாதானே இருக்கே?"

"பழைய குழாய்ங்க. அப்படித்தான் சத்தம் போடும்."

"என் வீட்டுக்காரர் இருமலும் இதே மாதிரிதான் இருக்கும்" என்றார் அவர். சிரிக்கவில்லை. எழுந்து மாடியேறினார்.

படுக்கையில் இரண்டு பள்ளங்கள். இரண்டாவது பள்ளத்தில் கை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். சூடாக இருந்திருந்தால் எழுதியிருப்பார். அது பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. அறை முழுக்க நெஞ்சில் தடவும் தைலத்தின் வாடை.

குளியலறை டம்ளரில் இரண்டு டூத் பிரஷ்கள். ஒன்றில் கொல்லைப்புறத்து மண் ஒட்டியிருந்தது.

"லோரெய்ன், என்கிட்ட உண்மையைச் சொல்லு. யாரு அது?"

அவள் வாய் திறப்பதற்குள் கீழே வாசற்கதவு திறந்தது.

"என்ன லோரி, விருந்தாளியா?" ட்ரெவரின் குரல். படியடியில் கோட்டுப் பையில் கைவிட்டபடி நின்றான். "நான் இவளோட அண்ணன் மேடம். கண்டுபிடிச்சிட்டீங்களா, அந்த ஆளை?"

போட்டுக்கொடுத்தவன் யாரென்று லோரெய்னுக்கு விளங்கிவிட்டது.

"உனக்கு வெக்கமாயில்ல, ட்ரெவ்?"

"வீட்டை வித்துட்டுப் பங்கை எடுத்துக்கன்னா கேக்க மாட்டேங்கறே. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

விளக்கு அணைந்தது.

நவம்பர் மாதத்து நாலு மணி. ஜன்னலுக்கு வெளியே தெரு ஏற்கனவே கறுத்திருந்தது. மின்சார ஹீட்டர் ஒரு முறை படபடத்து ஓய்ந்தது.

"சாவியில காசு தீந்திருக்கும்" என்றாள் லோரெய்ன். தெருமுனைக் கடையில் பணம் ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருகும் பிளாஸ்டிக் சாவி. அப்பாவின் பழைய சாவி தொலைந்துபோனதால் அவள் புதிது வாங்கியிருந்தாள். சாவியை எங்கோ வைத்துவிட்டு, இருட்டில், குளிரில், நாற்காலியிலேயே கிழவர் விறைத்துப்போனார். வயசான மறதி என்றார்கள். தினமும் வந்து பார்த்துக்கொண்டது ட்ரெவர். அவன்தான் முதலில் அப்படிச் சொன்னான்.

கீழே இறங்கிப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். மிஸஸ் பர்டன் டார்ச் அடித்தார்.

மீட்டரில் அவளுடைய சாவி இல்லை.

அங்கே செருகியிருந்தது வேறொன்று. சிவப்புக் கம்பளி நூல் கட்டிய சாவி. கிழவருக்கு அடையாளம் தெரியட்டும் என்று லோரெய்னே கட்டிய நூல். அதிலிருந்து ஆற்றுச் சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்.

சொட்.

"இல்ல." ட்ரெவர் பின்வாங்கினான். "அதை நான் ஹம்பர் ஆத்துல போட்டேன். பாலத்துல நின்னு, என் கையாலேயே..."

நிறுத்திக்கொண்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தான்.

மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் நின்றார்கள். மூச்சு புகையாக வெளிவந்தது ட்ரெவருக்கு மட்டும். அவன் பற்கள் அடித்துக்கொண்டன. தோளில் யாரோ கை வைத்தது போல அவன் தலை மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது.

"அப்பா, விடுங்க" என்று முனகினான். "குளிருது."

பிறகு ஓடினான். தெருவில் கார் கதவு அறையும் சத்தம் கேட்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

போலீஸ் வந்து காரின் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. கண்ணாடிகளின் உட்புறம் முழுக்க உறைபனி. ட்ரெவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தான், இமைகளில் வெள்ளைத் தூளோடு. காரின் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸஸ் பர்டன் கிளம்பும்போது லோரெய்னின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தனியாதான் இருக்கேன்னு எழுதிக்கறேன்மா. வேற என்னன்னு எழுத?"

வீடு தங்கியது. உதவித்தொகை தங்கியது. லோரெய்ன் கதவைத் தாழிட்டு அதில் சாய்ந்து அழுதாள். அப்பா கணக்கைத் தீர்த்துக்கொண்டார். இனிப் போய்விடுவார்.

முகம் கழுவ மாடியேறினாள்.

டம்ளரில் இரண்டு டூத் பிரஷ்கள்.

இரண்டும் ஈரமாக இருந்தன.

கீழே கூடத்தில் போன் அடித்தது. அப்பாவின் பழைய போன். அவர் இறந்த வாரமே இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். வயர் சுருட்டிக் கட்டி அதன் மேலேயே வைத்திருந்தது.

அது விடாமல் அடித்தது. அப்பா இறந்த ராத்திரி அவளுடைய செல்போன் அடித்தது போலவே. குளிரில் நடுங்கிக்கொண்டு அப்பா கூப்பிட்டது ட்ரெவரை அல்ல. லோரெய்னைத்தான். திரையில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தபடி போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தவள் அவள்.