ஏழாவது பாட்டின் அடியில்

பண்டமாரானில், மூடிக் கிடந்த லோரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடியறைக்கு மூவரும் காலையிலேயே சாமான்களை ஏற்றிவிட்டார்கள். கென்னத் கிட்டார் வாசித்துப் பாடுவான். பள்ளித் தோழன் யுகேந்திரன் டிரம்ஸ். ஜானிஸ் பேஸ் கிட்டாரோடு ஒலிப்பதிவையும் பார்த்துக்கொண்டாள். மயக்கமூட்டும் சைக்கடெலிக் ராக் இசையில் அவர்களின் முதல் ஆல்பம். ஆறு வருஷக் கனவு.

அறையில் ஈரச் சாக்கின் வாடை. பாட்டு நின்ற பிறகும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

பதிவு தொடங்கிய நான்காம் நாள் ஏழாவது பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். நீண்டு அலையும் கிட்டாருக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு. ஜானிஸ் சத்தத்தைக் கூட்டினாள்.

“கென்னத்துக்குப் பாட வராதுலா. அவனத் தூக்கிட்டா ஆல்பம் நல்லா வரும்.”

யுகேந்திரனின் குரல்.

“சத்தியமா நான் சொல்லலடா,” என்றான் யுகேந்திரன்.

“அப்ப யாரு? சுவரா பேசுச்சு?” என்றான் கென்னத்.

கென்னத்துக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. பாடும்போது முதுகுக்குப் பின்னால் யுகேந்திரன் சிரிப்பதுபோல் கேட்கும்; திரும்பினால் அவன் முகத்தில் ஒன்றுமே இருக்காது. கென்னத் டிரம்ஸ் குச்சிகளைப் பிடுங்கிப் படியில் எறிந்தான். யுகேந்திரன் இறங்கிப் போனான். ஜானிஸ் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் கென்னத் தனியாக வந்தான். பாடாமல் கிட்டாரை மட்டும் பதிவு செய்து, போட்டுக் கேட்டான்.

கிட்டார். கூரையில் மழை. பிறகு ஒரு குரல்.

“இவன் நம்பிட்டான். இனி அவன்கிட்ட போறேன்.”

அது கென்னத்தின் குரல்.

அவன் வாயே திறக்கவில்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த யுகேந்திரன் வீட்டுக்குப் பறந்தான். வழியில் நான்கு முறை கூப்பிட்டும் யுகேந்திரன் போனை எடுக்கவில்லை. வீட்டு இரும்பு கிரில் பூட்டியிருந்தது. பிடித்து உலுக்கினான்.

“யுகேன், மன்னிச்சிருடா. நீ சொன்னது உண்மை. கதவத் திற!”

யுகேந்திரன் வாசல்வரை வந்தான். கையில் சாவி இருந்தும் கிரில்லை நெருங்கவில்லை.

“யாரு நீ?”

“கென்னத்டா!”

யுகேந்திரன் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“கென்னத் அரை மணி நேரமா உள்ள உட்கார்ந்திருக்கான். யாரு வந்து கூப்பிட்டாலும் திறக்காதன்னு சொல்றான்.”

உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“அவன்கூட பேசாதடா,” என்றது கென்னத்தின் குரல், அன்பாக. “உள்ள வா.”

யுகேந்திரன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மரக்கதவை இழுத்துச் சாத்தினான்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.