எண்பது பேருக்குக் காற்று

மங்கையர்க்கரசி காலையிலேயே நூலகத்துக்குப் போய், எண்பது பேருக்குக் காற்றுச் சொல்லிவிட்டாள்.

நாம் கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்வதுபோல, செவ்வாய்க் கிரகத்தில் கூட்டம் கூடினால் காற்றுச் சொல்ல வேண்டும். தெருவில் பொதுக் காற்று உண்டு; மூடிய அறையிலோ எத்தனை பேரோ, அத்தனை பேருக்குத்தான் குழாயில் மூச்சு வரும். ஒருவர் எழுந்து போனால் அவர் பங்கு நின்றுவிடும். வாசலில் நின்று இதைக் கவனிப்பது நூலன் என்ற இயந்திரன்.

அன்று தமிழர் மரபு விழா. அந்த நகரத்தின் பொது நூலகத்தில் ஒவ்வோர் இனத்தாருக்கும் ஓர் அறை, ஆண்டுக்கொரு விழா. விழா முடியும்போது பாதிப் பேராவது அறையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறையை எடுத்துக்கொண்டு, புத்தகங்களைப் ‘பிற மொழிகள்’ கிடங்கில் அடுக்கிவிடுவார்கள். தமிழறைக்கு இது கடைசித் தவணை. அமைப்பாளரான மங்கைக்கு வாரக்கணக்கில் சோறு இறங்கவில்லை.

அறை நிறைந்தது. ‘அப்பாடா’ என்று உட்காரப் போனாள். முதல் நடனம் முடிந்ததும் ஒரு வரிசை எழுந்தது. ஓடிப்போய் வாசலில் மறித்தாள்.

“அண்ணே, கடைசியில கதை வாசிப்பு இருக்கு. இருந்து கேளுங்களேன்.”

“பாப்பாவுக்கு வேஷம் கலைக்கணும்மா,” என்றார் செல்லப்பாண்டி. சலங்கையும் சாந்துமாக மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். “படமெல்லாம் எடுத்தாச்சு. போயிட்டு வர்றோம்.”

மாறுவேடப் போட்டி முடிந்ததும் இன்னும் இரண்டு வரிசை காலி.

“மங்கை, சாப்பாட்டுப் பொட்டலம் எப்பக் குடுப்பீங்க?” என்று எழுந்து வந்தார் ஓர் அம்மாள்.

“விழா முடிஞ்சதும்க்கா.”

“அப்ப எங்களுக்கு நாலு இப்பவே குடுத்துடுங்க. போயிட்டு வர்றோம்.”

கதை வாசிக்க அவள் எழுந்தபோது எதிரே ஒரே ஒருத்தி. யோகராணி. காலையில் குழாய் பழுதுபார்க்க வந்தவள்; முதுகில் சொந்தச் சிலிண்டர் இருந்ததால் கணக்கிலேயே வராதவள். வேலை முடிந்தும் போகாமல், முன் நாற்காலியில் கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மங்கைக்கு வாய் கதையில், காது குழாயில். இப்போது இரைச்சல் அடங்கும், இதோ அடங்கும் என்று பதறினாள். அடங்கவேயில்லை. எண்பது பேருக்கான காற்றும் வெறும் நாற்காலிகள்மேல் வீசிக்கொண்டிருந்தது. நேரமாகிவிட, கதையைப் பாதியில் மூடிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“நூலா, உள்ள எத்தனை பேர்?”

“எண்பது பேர், அம்மா. அரங்கு நிறைவு.”

“எங்கேப்பா?”

“நீங்கள் இங்கே. மற்றவர்கள் போய்விட்டு வந்துகொண்டிருக்கிறார்கள். பிற இனத்தார் ‘போகிறோம்’ என்பார்கள், கணக்கை முடித்துவிடுவேன். உங்களவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லையே.”

மங்கை வாயைத் திறந்தாள். அது நம் வழக்கம், அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அறை போய்விடும்.

“ஆமா. வருவாங்க,” என்றாள்.

அறை பிழைத்தது.

மறுநாள் யோகராணி சிலிண்டர் இல்லாமல், தலையெல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். “கதையைப் பாதியில விட்டுட்டீங்களே, அந்தப் பொண்ணு கப்பல்ல ஏறினாளா இல்லையா? நானே படிச்சுக்கிறேன்.”

நூலன் கையைக் குறுக்கே நீட்டியது. “மன்னிக்கவும். இடமில்லை.”

“ஈ காக்கா இல்லையேப்பா உள்ள!”

“எண்பது பேரும் திரும்பினால் மூச்சுப் போதாது.”

“புத்தகத்தையாவது வெளிய குடு.”

“தாள் புத்தகம் வெளிக்காற்றில் நொறுங்கிவிடும்.”

யோகராணி மங்கையைப் பார்த்தாள். மங்கை தரையைப் பார்த்தாள். “இன்னொரு நாள் பாக்கலாம்மா,” என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. அடுத்த வாரம் யோகராணி சிலிண்டரோடு வந்தாள்; பழுது வேலை இல்லாமல் சிலிண்டரை உள்ளே விட முடியாது என்றது நூலன். அப்புறம் வரவில்லை.

ஆண்டுக் கடைசியில், எந்நேரமும் நிறைந்திருக்கும் ஒரே அறை என்று தமிழறைக்கு விருது கொடுத்தார்கள். கடைத்தெருவில் செல்லப்பாண்டி மங்கையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நம்ம ஆளுங்க மானத்தைக் காப்பாத்திட்டீங்கம்மா! எப்பக் கேட்டாலும் இடமே இல்லையாமே?”

“உங்களுக்கு இடம் இருக்கு அண்ணே.” மங்கை அவர் வழியை மறித்தாள். “ஒரே ஒரு தடவை, பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டுப் போங்களேன்.”

“அட, நீங்க வேற!” செல்லப்பாண்டி வாய்விட்டுச் சிரித்தார். “அவ்வளவு கூட்டத்துல நாங்க எங்கம்மா வர்றது?”