நெத்திலி போன இடம்

வீட்டில் மீன்மாவு நாற்றம் இல்லை. பதினோரு வருடமாகத் துணியிலும் ரொட்டியிலும் ஒட்டிக்கிடந்த நாற்றம் எப்போது போனதென்றே சொய்லாவுக்குத் தெரியவில்லை. கடல் சூடேறியதும் நெத்திலி குளிரைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. பெரு நாட்டுத் துறைமுகமான சிம்போத்தேயின் மீன்மாவு ஆலைகளில் புகை நின்றது. பசியில் கிறங்கிய கூழைக்கடாப் பறவைகள் கரையேறி, தெருத்தெருவாக நடந்து, குப்பையில் கிடந்த எலும்புக்கு அடித்துக்கொண்டன. நெத்திலியைத் தேடி ஒரே படகில் போன அவள் புருஷன் ரெமிஹியோவும் அந்தத் தெரு ஆண்களும் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை. அழுது ஓய்ந்து, இப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

நடுப்பகலில் கூழைக்கடாக்கள் சட்டென்று அடங்கின. கதவு திறந்தது.

ரெமிஹியோ. தொப்பலாக நனைந்திருந்தான். நேரே வந்து மீன் பையை மேஜையில் வைத்தான். பை வீட்டுக்குள் வருமுன் பேச்சுக் கொடுத்தால் அடுத்த வலை காலி என்பது படகுக்காரர் நம்பிக்கை. அவளும் வாயைத் திறக்காமல் வாணலியை ஏற்றினாள். எங்கிருந்து வருகிறான் என்று வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? ஊரே மெழுகுவத்தி ஏத்திட்டுக் கிடக்கு."

"கிடைச்சிருச்சு சொய்லா. எல்லாம் கீழதான் இருக்கு. அடேயப்பா, என்னா கூட்டம்!"

"மத்தவங்க?"

"அவங்கவங்க வீட்டுக்குப் போயிருக்காங்க."

இந்த வாரம் கடல் கஞ்சி மாதிரிச் சூடு. அவன் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரோ ஐஸ். அது அவள் பாதத்தைச் சுற்றி நின்றது. குளிர் முழங்கால்வரை ஏறியது. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

பை வாய்பிளந்து கிடந்தது, நிறைய நெத்திலி. வாசலில் எலும்பும் தோலுமாகக் கூழைக்கடாக்கள். ஒன்றுகூட உள்ளே வரவில்லை. பின்வாங்கின.

"புள்ள எங்க?"

"தூங்கறா."

"மேல ஒரே புழுக்கம். பாவம், வேர்த்துக் கொட்டும் அதுக்கு."

உள்ளே போனான். தடுக்க நினைத்தாள். கால் நகரவில்லை.

"அப்பா, கை ஜில்லுனு இருக்கு." நெலிதாவின் குரல். சிரிப்பு.

பிறகு சிரிப்பும் இல்லை.

எண்ணெய் புகைந்தது. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. வீட்டுக்கு ஒரு நனைந்த ஆள். தோளில் ஒரு பிள்ளை. எல்லோரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். கூழைக்கடாக்கள் ஒதுங்கி வழிவிட்டன.

நெலிதா திரும்பிப் பார்த்து அம்மாவுக்குக் கையசைத்தாள். அந்தச் சின்ன விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.