ஹைடெல்பெர்க்கில் மழை!

எவ்லின் மாடிப்படியின் அடியில் கிடந்தாள்.

கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உயிர் போய் ஏழு மணி நேரம்...

"கால் வழுக்கி விழுந்திருக்கிறாங்க, தங்கச்சி." இன்ஸ்பெக்டர் ஷிப்லி நெற்றியைத் துடைத்தார். கொழும்பு கொட்டாஞ்சேனை வெயில் அப்படி. "விபத்துன்னு எழுதி ஃபைல மூடிருவோம்."

எவ்லினின் தங்கை நிஷாந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அத்தான்தான் தள்ளினவர். வீட்டை எழுதித் தரச் சொல்லி ஆறு மாசமா அக்காவ வதைச்ச மனுசன். நீங்க ஃபைலை மூடினா வீடும் அவருக்குத்தான்!"

"உங்கட அத்தான் திலக்ஷன் ஜெர்மனில ஈக்கிறாரு. பத்து நாளைக்கு முந்தி ஃப்ளைட் ஏறின ரெக்கோர்ட் ஈக்கிது. அங்க இருந்து கைய நீட்டித் தள்ளினாரா?"

நிஷாந்தி மணியைப் பார்த்தாள். நாலுக்கு ஐந்து நிமிடம்.

"அவருக்கு இன்னும் செய்தி சொல்லேல்ல. இப்ப கோல் எடுக்கிறன். நீங்க வாயைத் திறக்காமக் கேளுங்கோ."

ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஹலோ நிஷாந்தி!" திலக்ஷனின் குரல் உற்சாகமாக வந்தது. பின்னால் சோவென்று மழை. "ஹைடெல்பெர்க் பாக்க வந்தனான். காலமையில இருந்து ஒரே மழை. குடையோட பழைய பாலத்தில நிக்கிறன்."

"வீடியோ போடுங்கோவன்."

"போன் நனைஞ்சிடும். மேல இடிஞ்ச கோட்டை ஒண்டு, என்ன வடிவு தெரியுமா? அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்."

பாவி! நிஷாந்தி பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் அது கேட்டது.

போனுக்குள் கீச்சென்று ஒரு மெட்டு... கொழும்பில் தெருத்தெருவாகப் பாண், ரொட்டி விற்கும் ஓட்டோ வாசிக்கிற அதே மெட்டு!

ஷிப்லியின் கண்கள் விரிந்தன.

"அது என்ன சத்தம், அத்தான்?"

"கோயில் மணிக்கூடு. ஜெர்மன்காரன்ட ட்யூன்தானே."

மெட்டு நின்றது. பிறகு போனுக்குள், சிங்களத்தில் கூவி விற்கும் ஒரு கரகரத்த குரல்:

"மாலு பாண்! கிம்புலா பனிஸ்!"

நிஷாந்தி சட்டென்று மியூட்டை அழுத்தினாள்.

"அவர் ஒளிஞ்சிருக்கிறது இங்க வெள்ளவத்தையில, என்ட லேனுக்கு அடுத்த லேன். மூண்டாம் மாடி. ஆளை அனுப்புங்கோ."

"அது எப்படித் தெரியும்?"

"காலமையில என்ட பாண்காரர் சொன்னவர். 'உங்கட அத்தானுக்கு நேத்து அங்க பனிஸ் வித்தனான்' எண்டு. உங்களிட்டச் சொன்னா பாண்காரன்ட கதை சாட்சியா எண்டு சிரிப்பீங்க. அதான் நாலு மணிக்கு அந்த ஜன்னலுக்குக் கீழ நிக்கச் சொன்னனான். மழைக்குப் பாத்ரூம் ஷவர் போதும், சேர். நீங்க அவர் போனதை மட்டும் பாத்தனீங்க. திரும்பி வந்ததை ஆர் பாத்தது?"

ஷிப்லி தன் போனை எடுத்தார். வெள்ளவத்தைப் பொலிஸ் ஜீப்பை அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

நிஷாந்தி மியூட்டை எடுத்தாள்.

"லைன் கட்டாயிட்டுது, அத்தான், ஒண்டும் கேக்கேல்ல. வேற என்ன பாத்தனீங்க?"

நிம்மதிப் பெருமூச்சு. "பழைய காலத்தில மாணவரை அடைச்சு வச்ச ஜெயில் ஒண்டு. சுவரெல்லாம் படம் கீறியிருக்கு..."

அளந்தான். பத்து நிமிடம் அளந்தான்.

தட்... தட்... தட்...

போனுக்குள் கதவு அதிர்ந்தது. "பொலிஸ்! கதவைத் திற!"

"நிஷாந்தி... என்ன இது?"

"டூர் பஸ் வந்திட்டுது, அத்தான். அடுத்த ஜெயிலை உள்ளுக்கிருந்தே பாக்கலாம்... ஏறுங்கோ."