அலையென்று தள்ளிய அசைவு

திரையில் இராகுலனின் சட்டை காற்றில் ஆடவில்லை.

தயாளினி முதலில் அதைத்தான் கவனித்தாள். வெளியே கச்சான் காற்று தகரக் கூரையைப் படபடவென்று அடிக்க, கருவாட்டு வாடையும் டீசல் புகையும் யன்னலால் வந்து அறையை நிறைக்க, கிடங்குக்கு அப்பால் இறங்குதுறையின் நுனியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் மட்டும் சுவரில் ஒட்டிய படம்போலத் தெரிந்தான். சோதனைக்கு அசையாத ஓர் ஆள் வேண்டுமென்று அவள்தான் அனுப்பியிருந்தாள்.

"அண்ணன் நல்லா நடிக்கிறார் அக்கா," என்று சிரித்தான், பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்த ஸஜ்ஜாத். "நீங்கள் சொன்னா மூச்சும் விடமாட்டார் போல."

"நீந்தத் தெரியாத மனுசன். பயத்தில விறைச்சுப்போய் இருக்கிறார்."

அவர்கள் வடிவமைக்கும் சிப், கமராவின் வீடியோவை அந்தக் கணமே சுருக்கி அனுப்பும். மாறாத இடத்தைத் திரும்ப அனுப்பாது. பழைய படத்தையே வைத்துக்கொள்ளும். கடல் ஓயாமல் அசைந்து தொல்லை தந்ததால், தண்ணீரோரம் தெரியும் சின்ன அசைவெல்லாம் அலைதான், விட்டுவிடு என்று காலையில் அவள் அதற்கு எழுதியிருந்தாள். நுனியில் இருக்கும் ஆள் படத்தில் விரலளவு; அவன் அசைந்தாலும் அதற்கு அலைதான்.

அவனுக்கு அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. படத்தில் அவன் அசையவில்லை.

"ஸஜ்ஜாத், ஓடிப்போய்ப் பாருங்கோ!"

படிகளில் செருப்புச் சத்தம். பிறகு காற்று மட்டும்.

சிப் வழியாக வராத நேர்ப் படத்தை மற்றத் திரையில் திறந்தாள்.

நுனியில் ஒருவரும் இல்லை. கீழே தண்ணீரில் ஒரு கை. சிப் அலையென்று தள்ளிய கை.

அது அமிழ்ந்தது.

கைபேசி அடித்தது.

"அக்கா, இங்க ஒருத்தரும் இல்ல. அண்ணன்ட போன் மட்டும் கிடக்கு."

"தண்ணிக்க பாருங்கோ! தண்ணிக்க!"

"ஒண்டும் தெரியல்லக்கா..."

சிப்பின் திரைக்குத் திரும்பினாள். ஸஜ்ஜாத் நுனியில் குனிந்து நின்றான். அவன் காலடியில் இராகுலன் உட்கார்ந்திருந்தான். இன்னும்.

வயரைப் பிடுங்கினாள். சிப்பின் விளக்கு அணைந்தது.

படம் அணையவில்லை.

இராகுலன் தலையைத் திருப்பினான். மெதுவாக. கமராவை நோக்கி. அவளை நோக்கி. அவ்வளவு தூரத்திலும் முகம் தெளிவாகத் தெரிந்தது. வாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது. நிற்கவேயில்லை.

"அக்கா," என்றான் ஸஜ்ஜாத். "கால்ல என்னமோ குளிருது."

இராகுலனின் விரல்கள் அவன் கணுக்காலைச் சுற்றி மூடியிருந்தன.